தொடை மரத்துப்போதல்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்தில் குழித்தறியில் சேலை நெய்பவருக்கும், இராஜபாளையத்தில் பஞ்சாலைக் கணக்கு எழுதுபவருக்கும் நெடுநேரம் இடுப்பை மடக்கி உட்காரும் வேலை பொதுவானது. அவ்வாறு உட்காருவோர் சிலருக்குத் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும், ஊசி குத்துவதுபோல் கூசுவதும், எரிவதும் உண்டு.

கீழ்முதுகிலிருந்து புறப்பட்டு, கவட்டின் குறுக்கே ஓடும் உறுதியான நார்ப்பட்டையின் அடியில் நுழைந்து, தொடைத் தோலின் தொடு உணர்வை மட்டும் சுமக்கும் நரம்பொன்று அந்தக் குறுகிய வழியில் நசுங்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். ‘மெரால்ஜியா பரஸ்தெட்டிகா’ எனப்படும் இக்கோளாறை ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் பெர்ன்ஹார்ட் 1878இல் விவரித்தார். உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டு, தமக்கே இது நேர்ந்ததை 1895இல் எழுதினார்.

உட்காருவதைவிட, உட்காரும்போது இடுப்பை இறுக்கும் பாவாடை நாடாவும் பெல்ட்டும், மடிந்து அழுத்தும் தொந்தியுமே பெருங்குற்றவாளிகள் எனலாம். கருவுற்ற காலமும் நீரிழிவும் இதற்கு இடங்கொடுக்கும். ஆகவே நாடாவைத் தளர்த்தி, அரைமணிக்கொருமுறை எழுந்து சிறிது நடந்து, உடல் எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தாலே பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது தணிந்துவிடும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது தவறு. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடக்கூடும்.

இந்நரம்பு தசையை இயக்குவதில்லை என்பதால், கால் வலுவிழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ அது முதுகுத்தண்டைச் சார்ந்த வேறு நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.