கர்ப்ப ஸ்திரீகளும் யோகாசனமும்

(சோழபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கர்ப்ப ஸ்திரீகள் யோகாசனம் செய்யலாமா என்று இன்று அநேகர் கேட்கிறார்கள். செய்யலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மோட்சத்திற்கு வழியென்று எண்ணிச் செய்யாமல், வெறும் தேகப்பயிற்சி என்று எண்ணிச் செய்ய வேண்டும். வைத்தியர் தடை சொல்லாத கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் வாரத்திற்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியிருக்கிறது. நடையும் பயிற்சிதான், இலகுவான ஆசனமும் பயிற்சிதான். இதற்கு மந்திரம் எதற்கு?

ஆனால் நடப்பது என்ன? மத்திய சர்க்காரின் ஆயுஷ் இலாகாவைச் சேர்ந்த யோகக் கவுன்சில் வெளியிட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி 2017-ல் பெருந்தர்க்கம் எழுந்தது. கர்ப்பிணிகள் முட்டையையும் மாமிசத்தையும் விலக்க வேண்டுமாம். ஆசையை விட வேண்டுமாம். படுக்கையறையில் அழகான படங்களை மாட்ட வேண்டுமாம்! ஆசனம் சொல்ல வந்தவர்களுக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, இந்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்களிடம் முட்டையைப் பிடுங்குவது யோகமா, துரோகமா? யோசித்துப் பாருங்கள்.

"நம் பெண்கள் காட்டில் களை எடுக்கிறார்களே, பயிற்சி எதற்கு?" என்று சில புருஷர்கள் கேட்கலாம். கூலிவேலை பிறர் இஷ்டத்திற்குச் செய்வது. பயிற்சி தன் உடம்பின் இஷ்டத்திற்குச் செய்வது. நாளெல்லாம் குனிந்தவளுக்கு முதலில் வேண்டியது ஓய்வு. அவள் இடுப்புக் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

செய்கிறவர்கள் முதலில் டாக்டரையோ நர்சையோ கேட்க வேண்டும். நஞ்சு கீழிறங்கியிருந்தாலும், இரத்தக் கொதிப்பு மிகுந்திருந்தாலும் அவர்கள் அனுமதியின்றி எதுவும் கூடாது. தலைகீழாக நிற்பதும், குப்புறப் படுப்பதும், வயிற்றை முறுக்குவதும், மூச்சை அடக்குவதும் வேண்டாம். ஐந்தாம் மாதத்திற்குமேல் வெகுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவே போதும். உதிரம் கண்டாலும், நீர் கசிந்தாலும், மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம் வந்தாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் தீட்டென்று இருட்டறையில் படுக்க வைப்பது பெருங்கேடு. அசையாதிருந்தால் காலில் இரத்தம் கட்டும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உடம்பு தாங்கும்போது மெல்ல நடக்க வேண்டும். இடுப்படித் தசைகளைச் சுருக்கி விட்டுப் பழக வேண்டும். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவமானால், டாக்டர் புண்ணைப் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை வயிற்றுக்குச் சிரமம் தரும் ஆசனம் கூடவே கூடாது.

தாய்மார்களே! சாமியார் சொன்னார், மாமியார் சொன்னாள் என்று எதையும் செய்யாதீர்கள். நான் சொன்னேன் என்றும் செய்யாதீர்கள். வைத்தியரைக் கேட்டு, உங்கள் உடம்பு சொல்வதையும் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.