பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்: அன்றாட வேலைக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் காமர்ஸ் படித்தவன், வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. அதனால் இதைக் கணக்கு எழுதுகிறவனின் பார்வையில்தான் சொல்லப்போகிறேன்: கையில் இருப்பது என்ன, செலவு எவ்வளவு, ரிஸ்க் எங்கே?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணினி எப்போதும்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு நீட்டிப்பு உண்டு என்றாலும் அது தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் ப்ராசசராக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கிய கணினிகள், எவ்வளவு நன்றாக ஓடினாலும், இதில் அடிபட்டுப் போகின்றன. நம் சங்க அலுவலகக் கணினியும் அப்படித்தான். அதில்தான் மெயின்டனன்ஸ் வசூலும் பார்க்கிறோம், சங்கத்தின் நெட் பேங்கிங்கும் செய்கிறோம். நம்மில் பலர் வீட்டில் பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் இதே வயதுடைய கணினியில்தான்.

நம் முன்னால் மூன்று வழிகள். புதிது வாங்கலாம். இருப்பதை அப்படியே ஓட்டலாம். இல்லையென்றால் கணினியை வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம். மூன்றாவது வழிதான் லினக்ஸ்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது லினக்ஸ். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் இதுதான். நம் ஊருக்கும் இது புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது.

லினக்ஸில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் சுலபம். கீழே மெனு, மேலே ஐகான்கள் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி ரேம் போதும். லைசன்ஸ் கட்டணம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் கூடவே வருகின்றன. மெயில், யூடியூப், நெட் பேங்கிங், மின் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசரில் நடப்பவை என்பதால் வித்தியாசமே தெரியாது. தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு.

சரி, எது ஒத்துவராது? அதையும் சொல்ல வேண்டும்.

டேலி விண்டோஸுக்காகச் செய்தது. அதில் தினமும் வேலை பார்ப்பவர்கள் மாற வேண்டாம். வருமான வரிக் கணக்கை இணையதளத்திலேயே நிரப்புபவர்களுக்குச் சிக்கல் இல்லை. மேக்ரோ உள்ள எக்செல் படிவத்தை இறக்கி நிரப்புபவர்களுக்கு விண்டோஸ் தேவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கான லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிண்டரும் அப்படியே. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள், அந்த எழுத்துருவை இங்கேயும் நிறுவாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

நம் மெயின்டனன்ஸ் ஷீட்டின் நகலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பார்த்தேன். பிளாக் வாரியான கூட்டுத்தொகை, பாக்கி, வட்டி எல்லாம் பைசா சுத்தமாக டேலி ஆயின. ஆனால் ரசீது அச்சடிக்கும் மேக்ரோ ஓடவில்லை. அந்த ரசீதை ரைட்டரில் மெயில் மெர்ஜ் முறையில் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

வங்கியில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது முதல் நாளே லெட்ஜரைக் கட்டி வைத்துவிடவில்லை. கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதி, சாயங்காலம் இரண்டு பேலன்ஸும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்தினோம். இங்கேயும் அதே முறைதான் சரி.

முதலில், கணினியில் நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர், தாளில் எழுதிய வேலைகள் என ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும், பயப்பட வேண்டாம். திருப்தி என்றால் மட்டும் நிறுவலாம். அதற்கு முன் போட்டோ, டாக்குமெண்ட் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுப்பது கட்டாயம். நிறுவும்போது டிஸ்கை முழுவதும் அழிக்கும் தேர்வும் வரும், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவும் தேர்வும் வரும். நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

இன்னொரு விஷயம். ஓடிபியை யாரிடமாவது சொல்லிவிட்டால் எந்த இயங்குதளமும் நம்மைக் காப்பாற்றாது. லினக்ஸ் போட்டாயிற்று என்று எச்சரிக்கையைக் கைவிட வேண்டாம்.

சங்கத்துக்கு என் யோசனை இது. புதுக் கணினிக்கான தீர்மானத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வையுங்கள். இந்த மூன்று மாதம் அலுவலகக் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் வைப்போம். நெட் பேங்கிங்கை இன்றே லினக்ஸுக்கு மாற்றுவோம். வசூல் கணக்கை இரண்டிலும் போட்டு, மாதக் கடைசியில் பொருளாளர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். டேலி ஆனால் அந்தப் பணம் சங்கத்தில் மிச்சம். ஆகாவிட்டால் புதிது வாங்குவதற்கு நானே கை தூக்குகிறேன்.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புபவர்கள் காலியான பென் டிரைவோடு சனிக்கிழமை மாலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், ஏற்றித் தருகிறேன்.