தலைவர்களை நிறுக்கும் தராசு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாட்டின் தலைமையும் ஜனநாயகமும் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் எந்தக் கட்சியிலும் அங்கத்தவள் அல்ல. இறம்பொடையில் பிறந்து, முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆகவே இது ஒரு பிரஜையின் சொந்த அபிப்பிராயம். சங்கத்தின் கருத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயலாளர் தங்கைக்கு வீண் தொல்லை வரக்கூடாது.

நூறு வருடங்களுக்கு முன்பு இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெண்கள் தங்கள் தலைவியைத் தாங்களே தெரிவு செய்தார்கள். ஆனால் நாட்டின் சட்டசபைக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமை அன்று அவர்களுக்கு இல்லை. அது டொனமூர் அரசியலமைப்போடு 1931இல்தான் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. தோட்டத்து மக்களுக்கும், நிபந்தனைகளோடு, கிடைத்தது. பெரி. சுந்தரம் அட்டனிலிருந்து போய் அமைச்சரானார். 1936இல் அதே அட்டனிலிருந்து கோ. நடேசய்யர் போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். அந்த அம்மையாரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு மனக்குறை உண்டு.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, இப்படி ஏழு பேர். தொண்டமான் நம்மூர் வேவண்டன் தோட்டத்துக்காரர் என்ற பெருமை இறம்பொடைக்கு இன்றும் உண்டு. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத்து வாக்குகள் கைகொடுத்தன. வந்தது வினை.

அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. என் அம்மாயி இறம்பொடையில் ஒரு லயத்தில் பிறந்தவர். தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர்களின் ஐந்து பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். அம்மாயி பிறந்த மண் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சல்லிக்கும் உதவவில்லை. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் திருந்தியது 2003இல். ஐம்பத்தைந்து வருடம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. அந்த நிலை 1977 வரை நீடித்தது. இடையில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள், தெரிவு செய்யப்பட்டவர் இல்லை.

பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதைச் செய்தது இராணுவமும் அல்ல, வெள்ளைக்காரனும் அல்ல. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பாராளுமன்றம், முறைப்படி விவாதித்து, கையுயர்த்திச் செய்தது. பெரும்பான்மை கை தூக்கினால் அதுதான் ஜனநாயகம் என்று குடியியல் பாடத்தில் எழுதினால் புள்ளி கிடைக்கலாம். நம் லயங்களில் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் ஒரு தலைவரை நிறுக்க எனக்கென்று ஒரு தராசு வைத்திருக்கிறேன். தமக்கு வாக்களித்தவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்பதை அதில் வைப்பதில்லை. அதை எந்த வியாபாரியும் செய்வான். தமக்கு வாக்களிக்க முடியாதவர்களை அவர் எப்படி நடத்தினார்? அதைத்தான் வைக்கிறேன்.

டீ. எஸ். சேனாநாயக்க தேசபிதா. கல்லோயாத் திட்டத்தையும் நீர்ப்பாசனத்தையும் நானே பக்கம் பக்கமாகப் படிப்பித்திருக்கிறேன். பொய்யல்ல. ஆனால் தராசில் ஏற்றினால், நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த கூட்டத்தின் வாக்கைப் பறித்த கை அவருடையது.

தமிழ்த் தலைவர்களையும் நிறுக்கத்தான் வேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்தார். பிறகு அமைச்சரானார். அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அரசாங்கத்தோடு நின்றார். அவருடைய கட்சியிலிருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்த விடயத்தில் முறித்துக்கொண்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். செல்வநாயகத்துக்குக் காங்கேசன்துறையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் வாக்கும் தேவைப்படவில்லை. என் தராசில் அவர் பக்கம் கனப்பது அதனால்தான். இடதுசாரிகளும் 1948இல் பாராளுமன்றத்தில் நமக்காக வாதாடினார்கள். ஆனால் 1964 அக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் இருந்தது. நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா.

பெண்கள் பாடசாலையில் நின்று சிறிமாவோ அம்மையாரைப் பற்றிப் பேசாமல் போனால் அது நியாயமில்லை. உலகின் முதல் பெண் பிரதமர், 1960. பொது அறிவுப் போட்டியில் இதற்கு மணி அடிக்காத பிள்ளை உண்டா? அந்த அம்மையார்தான் நான்கு வருடம் கழித்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்திட்டவர். யாரைப் பற்றிய கணக்கோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மூத்த மாமாவின் குடும்பம் அந்தக் கணக்கில் போனது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்குத் தோட்டத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அம்மாயி இங்கே, மகன் அங்கே. பெண் ஒருவர் ஆள்வதால் மட்டும் பெண்களின் துயரம் ஆள்பவருக்குத் தெரிந்துவிடுவதில்லை என்று அம்மாயி படிப்பறிவு இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்.

இதே அம்மையாரின் குடியியல் உரிமைகளை 1980 அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் ஏழு வருடத்துக்குப் பறித்தது. பாராளுமன்ற ஆசனமும் போனது. "வேணும் அவருக்கு" என்று அன்று சொன்னவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. ஒரு வீட்டுக் கதவை உடைக்கக் கற்றவன் அடுத்த வீட்டையும் உடைப்பான். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தையே மேலும் ஆறு வருடம் நீடித்தார்கள். நம் மக்களில் நாடற்றிருந்தவர்களுக்கு 1986இலும் 1988இலும் பிரஜாவுரிமை கொடுத்ததும் அதே ஜே. ஆர். அரசாங்கம்தான். வாக்குச் சீட்டை ஒரு கையால் கொடுத்து, தேர்தலை மறு கையால் எடுத்தவரை எந்தத் தட்டில் வைப்பது? முள் ஆடிக்கொண்டே இருக்கிறது.

நம்மவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டமான் ஐயா இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேரிடம் அடையாள அட்டை இருந்திருக்காது என்பார்கள். அதில் பெரும்பகுதி உண்மை. 1952இல் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம். 1986 தைப்பொங்கலோடு தொடங்கிய பிரார்த்தனை இயக்கம் இன்னும் அருமை. காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் கூடிக் கும்பிட்டார்கள். சாமி கும்பிடுவதை வேலைநிறுத்தம் என்று யார் சொல்வது? ஒரு கல்லும் எறியாமல் பெரிய அரசாங்கமொன்றை இறங்கிவரச் செய்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது ஐயா இல்லை. அவர் காலமானது 1999 அக்டோபர் 30. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே திகதி, முப்பத்தைந்து வருடம் கழித்து.

ஆனால் 1949 சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதை நம் தலைமை தொடக்கத்தில் பகிஷ்கரித்தது. கொடுத்த இரண்டு வருடத்தில் அருமையான மாதங்கள் வீணாகின. பிறகு அவசர அவசரமாக எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும், கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. பகிஷ்கரிப்பா இல்லையா என்று லயத்தில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1980இலும் 1982இலும் நம்மவர் அந்த அமைச்சரவையில்தான் இருந்தார்.

இன்னொன்று. தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா வெட்டப்படுவது அவர்களுக்குத்தான் அதிகம். சங்கத்தின் தலைமை மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கும், பேரனுக்குப் பின் கொள்ளுப்பேரனுக்கும் போனது. சம்பளம் கேட்கும் தொழிற்சங்கத் தலைவரே சம்பளம் தர வைக்க வேண்டிய அரசாங்கத்தில் அமைச்சராகவும் இருந்தால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? இந்தக் கேள்வியை எல்லாத் தொழிற்சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கொழுந்து மடுவத்தில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், தராசின் முள்ளை விட்டுக் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் கிலோ குறையும். ஆனால் தேர்தல் வந்தால் நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம்.

வாக்கு வந்த பிறகும் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துப் பாதைக்குச் சபைப் பணம் செலவழிக்கத் தடையாக இருந்ததும், அது 2018இல்தான் திருத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதை நீட்டவில்லை.

2024 நவம்பரில் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. 1931இலிருந்து எண்ணினால் தொண்ணூற்று மூன்று வருடம். கட்சி எதுவானாலும் அன்று மனம் நிறைந்தது. ஆனால் சிறிமாவோ அம்மையாருக்கு எடுத்த அதே தராசைத்தான் இவர்களுக்கும் எடுப்பேன்.

அப்படியானால் இன்று வாக்களிக்க முடியாதவர்கள் யார்? நம் வகுப்புத் தோழிகளில், நம்மிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் குவைத்திலும் சவுதியிலும் அடுத்தவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் அனுப்பும் பணத்தை எல்லா அரசாங்கமும் எண்ணி வாங்குகிறது. அவர்கள் அங்கிருந்து வாக்களிக்க இந்த நாட்டில் இன்னும் வழி இல்லை. கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கும் பிள்ளைக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இங்கே லயத்து முகவரியில். ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் விட்டு வந்தால்தான் வாக்கு. அன்று தாய் வழிப் பிறப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்று தாய்மாரே கணக்கில் இல்லை.

அடுத்த தேர்தலுக்கு என் வீட்டுப் படியேறுகிற வேட்பாளர், யாராக இருந்தாலும், தேத்தண்ணி கொடுப்பேன். கூரைத் தகரம் பற்றியும் பாதை பற்றியும் கேட்கமாட்டேன், அதை அவரே சொல்வார். டுபாயில் இருக்கும் என் மாணவி எப்படி வாக்களிப்பது என்று கேட்பேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.