சொல்லும் சந்தையும்: இணைய அங்காடியில் கைத்தறி

(கைத்தறிக் கூட்டுறவுச் சங்க அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஒரு சேலையை நெய்து முடிப்பதோடு நெசவாளரின் பணி நிறைவுறுவதில்லை. வாங்குவோரின் கண்ணில் அது பட்ட பின்னரே சந்தை தொடங்குகிறது. வாரச் சந்தையில் கடை விரித்தவர் துணியைப் பிரித்துக் காட்டலாம், கூவியும் அழைக்கலாம். இணையச் சந்தையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. வாங்குபவர் தேடற்கட்டத்தில் இரண்டு மூன்று சொற்களை எழுதுகிறார். விற்பவர் அளித்த விவரத்தில் அச்சொற்கள் இல்லையெனில், எத்துணைச் சிறந்த சரக்கும் திரையில் தோன்றாமலே போகக்கூடும்.

தேடலுக்கும் ஒரு செலவு உண்டு என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். இணையம் வாங்குவோரின் தேடற்செலவைப் பெரிதும் குறைத்துள்ளது. ஆயின், கண்டறியப்படுவதற்கான செலவு விற்போர் தலையில் ஏறியுள்ளது. 2019-20 ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் 35.22 லட்சம் பேர் ஈடுபட்டுள்ளனர். நெசவாளர்களுள் பத்தில் எழுவருக்கு மேல் பெண்கள். எனவே தேடுசொல் ஆய்வு என்பது பெருவணிகரின் உத்தி மட்டுமன்று. இவர்களின் கூலியோடும் தொடர்புடையது.

உற்பத்தியாளர் சொல்லும் வாங்குவோர் சொல்லும்

தெலங்கானா மாநிலத்துப் போச்சம்பள்ளியை எடுத்துக்கொள்வோம். நூலை ஆங்காங்கே கட்டிச் சாயம் தோய்த்து, பின்னர் நெய்யும் கலை அங்கு வழிவழியாக வருகிறது. இதே முறை குஜராத்தில் பட்டோலா என்றும் ஒடிசாவில் பந்தா என்றும் வழங்குகிறது. வெளிநாட்டிலும் நகரங்களிலும் பரவியுள்ள ‘இக்கத்’ என்பதோ மலாய்-இந்தோனேசிய மொழி வழியாக வந்த பெயர். அதையும் ஆங்கிலத்தில் ஒரு ‘கே’ இட்டு எழுதுவோரும் உண்டு. இரண்டு இட்டு எழுதுவோரும் உண்டு. சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் உள்ள ரக எண்ணையும் நூல் எண்ணையும் மட்டுமே தலைப்பாக இட்டால், வாங்குவோர் அதனைத் தேடிவர வழியில்லை. ஊர்ப்பெயர், நெசவு முறை, நூல் வகை, நிறம், அணியும் சந்தர்ப்பம் ஆகியவை வாங்குவோரின் சொற்களில் இடம்பெற வேண்டும்.

கண்டறியும் முறை

இச்சொற்களை ஊகத்தால் தேர்வது தவறு. அவற்றைத் திரட்டுவதற்கு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, தேடற்கட்டத்தில் சில எழுத்துகளை இட்டவுடன் தளமே காட்டும் சொற்றொடர்களைக் குறித்துக்கொள்ளுதல். இரண்டாவது, வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையும் எழுதும் கருத்துகளையும் படித்தல். மூன்றாவது, தளம் விளம்பரதாரருக்கு அளிக்கும் தேடுசொல் அறிக்கையை ஆராய்தல். எச்சொல்லால் பார்வையிட்டனர், எச்சொல்லால் வாங்கினர் என்பது அதில் விளங்கும்.

திரட்டிய சொற்களைத் தரம் பிரித்தல் அடுத்த படி. ‘சேலை’ என்ற பொதுச்சொல்லைத் தேடுவோர் மிகப் பலர். அதற்குப் போட்டியிடுவோரும் மிகப் பலர். விளம்பர இடம் ஏலமுறையில் விற்கப்படுவதால், அத்தகைய சொல்லுக்குச் சிறு சங்கம் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணாகும். ‘போச்சம்பள்ளி இக்கத் பருத்திச் சேலை’ எனத் தேடுவோர் சிலரே ஆயினும், அவர்கள் இன்னது வேண்டும் என்று தெளிந்து வருபவர்கள். சிறு உற்பத்தியாளருக்கு ஏற்றவை இத்தகைய நீண்ட சொற்றொடர்களே.

மொழியும் கருதத்தக்கது. 2020 ஆம் ஆண்டில் அமேசான், பிளிப்கார்ட் ஆகிய இரு தளங்களும் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளிலும் சேவை தொடங்கின. ஆயினும் கணிப்பொறியின் அளவுகோல் இந்திய மொழிகளுக்குச் சாதகமாக இல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இந்திய எழுத்துகளின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘சேலை’ என்பதற்கு 12 பைட். அதனையே ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் எழுதினால் 5 பைட். தேடுசொல்லுக்கான இடத்தைப் பைட் கணக்கில் வரையறுக்கும் தளங்களில் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தே இடவேண்டும்.

பொய்ச்சொல்லின் தீங்கு

பார்வையாளரைக் கவரப் பொருந்தாத சொற்களை அடுக்குதல் பயனற்றது. ஏமாந்தவர் பொருளைத் திருப்பி அனுப்புவார். இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இக்கத் கோலத்தை அச்சிட்ட விசைத்தறித் துணியும் ‘இக்கத்’ என்ற அதே சொல்லின்கீழ் திரையில் வந்து நிற்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். விலையிலோ பெரும் வேறுபாடு. தரத்தைப் பகுத்தறிய இயலாத சந்தையில் மலிந்த சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970 ஆம் ஆண்டில் நிறுவியது இங்கு அப்படியே பொருந்துகிறது.

இதற்குச் சட்டக் காப்பு இல்லாமலில்லை. 1999 ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. போச்சம்பள்ளி இக்கத் அதன்கீழ் முதலில் பதிவு பெற்றவற்றுள் ஒன்று. 2006 ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரையும் அறிமுகமாயிற்று. இவற்றைச் சான்றிதழாகச் சுவரில் மாட்டிவைப்பது போதாது. பொருளின் தலைப்பிலும் படத்திலும் விவரத்திலும் அவை இடம்பெற வேண்டும்.

செய்ய வேண்டுவன

2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், பொருள்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களைச் சந்தைத்தளங்கள் எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்கின்றன. அவ்விளக்கத்தைப் படித்து உறுப்பினருக்கு எடுத்துரைப்பது சங்க அலுவலரின் கடமை. 2021 டிசம்பர் இறுதியில் நிறுவப்பட்ட ஓ.என்.டி.சி. அமைப்பில் ஒரு செயலியில் பதிந்த சரக்கைப் பல செயலிகள் வழியே வாங்கலாம்; ஆதலால் ஒருமுறை எழுதும் விவரம் பலவிடத்துப் பயன் தரும், பிழையும் அவ்வாறே பரவும்.

தனி நெசவாளர் ஒருவர் தறியிலிருந்து எழுந்து இத்தனையும் செய்வது இயலாது. நூல் கொள்முதலைக் கூட்டாகச் செய்யும் சங்கம், சொற்பட்டியலையும் கூட்டாகவே தயாரிக்கலாம். பண்டிகைக் காலத்திற்கு முன்பு அதனைப் புதுப்பிக்கலாம். எச்சொல் விற்பனை தந்தது என்பதை மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கலாம். இதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. படித்த இளைஞர் ஒருவரின் சில மணி நேர உழைப்பே போதும். பொருளுக்கு உண்மையான பெயரைச் சூட்டி, அப்பெயரை வாங்குவோர் அறிந்த சொல்லோடு இணைத்தால், நெசவாளரின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்க வழி பிறக்கும்.