கறுப்புக் கோழி வாங்கப் போன கதை

மாடித் தோட்டம் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "வீட்டுல நாலு கோழி வளர்க்கணும். கடக்நாத் குஞ்சு வாங்கலாமா?" வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

எங்க அப்பத்தா சிவகங்கை பக்கம் சிறுவிடைக் கோழி வச்சிருந்தாங்க. சின்ன உடம்பு, எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பண்ணைக் கோழி மாதிரி தினமும் முட்டை வராது. பத்து, பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துடும். ஆனா 21 நாள் அசையாம அடைகாத்து, பொரிச்ச குஞ்சை மேய்ச்சு, பருந்து இறங்கினா பாய்ஞ்சு நிக்கும். நான் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே அந்த ஒரே வம்சம்தான் எங்க வீட்டுப் பஞ்சாரத்துல இருந்தது.

2018-ல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கடக்நாத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தச் செய்தியைப் பார்த்த ஆசையில, ஒரு வாட்ஸ்அப் குழு மூலமா பத்துக் குஞ்சு வாங்கினேன். பஸ் பார்சல்ல வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஊருக்குக் கொண்டு போய் அப்பத்தா கோழிகளோட விட்டுட்டேன்.

ஒரு வாரத்துல வெள்ளையும் பச்சையுமா கழிச்சல். கழுத்து திருகிக்கிச்சு. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. ரெண்டே வாரத்துல முற்றம் காலி. அப்பத்தா என்னைத் திட்டல. பஞ்சாரத்தைக் கழுவி, பரண்ல ஏத்திட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதனால முதல் பாடம்: புதுக் கோழியை குறைஞ்சது மூணு வாரம் தனியா வைங்க. தீவனம், தண்ணிக் கிண்ணம், நீங்க போடற செருப்புகூட தனி. பழைய கோழிகளைக் கவனிச்சுட்டு, கடைசியா புதுசுகிட்ட போங்க. குஞ்சுக்கு முதல் வாரத்துலயே கழிச்சல் தடுப்பு மருந்து போட்டாங்களான்னு கேளுங்க. அடுத்த தவணைகளுக்கு அரசு கால்நடை மருந்தகத்துல விசாரிங்க.

ரெண்டாவது, கறுப்பா இருந்தா மட்டும் சுத்தக் கடக்நாத் ஆகிடாது. கடக்நாத் சேவலுக்கும் வேற பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகள்ல, பெட்டைகள் பல நேரம் கறுப்பாவே வளரும். கலப்பு அடுத்த தலைமுறையிலதான் வெளியே தெரியும். இன்னொரு பக்கம், கழுத்துல பொன்னிறம் இருந்தா கலப்புன்னு ஒதுக்கிடாதீங்க. முழுக் கறுப்பு, பென்சில் கோடு, பொன்னிறம்னு அதுல மூணு வகை உண்டு. அதனால குஞ்சைப் பார்க்காதீங்க, தாய் தகப்பனைப் பாருங்க. நேர்ல போங்க. கொண்டை, நாக்கு, கால் எல்லாத்தையும் பாருங்க. "கறுப்பு முட்டை"ன்னு யாராவது விற்றா திரும்பி வந்துடுங்க. கடக்நாத் முட்டை வெளிர் நிறம்தான்.

மூணாவது, கடக்நாத் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதோட முட்டையை சிறுவிடைக்கு அடியில வைக்கறதுதான் வழக்கம். அரிய இனம்னு நாம தேடிப் போறது, ஏற்கெனவே வீட்டுல இருந்த சாதாரணக் கோழியோட தயவுல பிழைக்குது!

நகரத்துல இருக்கறவங்களுக்கு: முட்டை மட்டும் போதும்னா சேவல் தேவையில்ல. விடியக்காலைச் சத்தமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்.

கதையோட மீதி: ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஒரு அக்காகிட்ட அப்பத்தா ஒரு பெட்டையை வாரத்துக்கு விட்டிருந்தாங்க. கோழி உங்களுது, வளர்க்கறது அவங்க, குஞ்சுல பாதிப் பாதி. எனக்கு அது தெரியவே தெரியாது. மூணு மாசம் கழிச்சு அந்த அக்கா ஒரு கூடையில ஆறு குஞ்சைக் கொண்டு வந்து வச்சாங்க. அப்பத்தா பரண்ல இருந்து பஞ்சாரத்தை இறக்கினாங்க.

அரிய இனத்தைக் காப்பாத்தணும்னா ஒரே கூட்டுல பூட்டி வைக்காதீங்க. ரெண்டு பேருக்காவது கொடுத்து வைங்க. அந்த ஆறுல ரெண்டு இப்போ என் வீட்டுல இருக்கு. அடுத்த அடைக்குக் குஞ்சு வேணும்னா சொல்லுங்க. வாரத்துக்குத்தான்!

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.