இரைச்சலும் குரலும்

1889ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் நாள், வியன்னா நகரிலே ஒரு நண்பரின் இல்லத்தில், இசைமேதை யொஹானஸ் பிராம்ஸ் பியானோவின் முன் அமர்ந்தார். எடிசனின் பேசும் பொறியாகிய போனோகிராப்பை அவருடைய முகவர் தியோ வாங்கெமான் அங்கு கொண்டுவந்திருந்தார். மெழுகு உருளை சுழன்றது. ஒருவர் சில சொற்களை உரத்துக் கூறினார். பின்னர் பிராம்ஸ் தமது முதலாவது ஹங்கேரிய நடனத்தின் ஒரு பகுதியை வாசித்தார். அந்த மேதையின் விரல்கள் எழுப்பிய ஒலியென்று உலகிலே எஞ்சியிருப்பது அன்று அவ்வுருளையிற் பதிந்தது மாத்திரமே.

ஆயினும், அதனை இன்று கேட்பவரின் செவியில் முதலில் விழுவது பியானோ அன்று. ஓலைக்கூரையின்மேல் மழை கொட்டுவது போன்ற பேரிரைச்சலே முன்வந்து நிற்கும். அம்மழைக்கு அப்பால், எங்கோ அடுத்த வீட்டிலே யாரோ வாசிப்பதுபோலப் பியானோவின் நாதம் தோன்றித் தோன்றி மறையும். மழையை நிறுத்திவிட்டுப் பியானோவை மாத்திரம் கேட்க வழியில்லையா என்ற ஏக்கம், பழைய ஒலிப்பதிவைக் கையிலெடுத்த ஒவ்வொருவருக்கும் எழுவதுதான். கணினியும் அதற்கெனச் செய்யப்பட்ட மென்பொருளும் அவ்வேக்கத்தை எவ்வளவு தூரம் தீர்த்துவைத்துள்ளன என்பது ஆராயத்தக்கது.

இரைச்சல் என்ற ஒரு சொல்லாற் குறிக்கப்படுவன பல. கிராமபோன் இசைத்தட்டிலே கீறல் விழுந்தால் உண்டாகும் ‘டக், டக்’ என்னும் ஒலி ஒரு வகை. மின்சாரக் கம்பியிலிருந்து புகுந்துகொள்ளும் ரீங்காரம் இன்னொரு வகை. நாடாப்பதிவிலே இடையறாது கேட்கும் ‘ஸ்...’ என்ற சீறல் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவதே எளிதானது. கணினிக்கு ஒலியென்பது எண்களின் நீண்ட வரிசை. இறுவட்டுக்காக ஒலியைப் பதியும்போது அதன் அலை வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாக எழுதப்படுகின்றது. கீறலின் ஒலி பெரும்பாலும் வினாடியின் ஆயிரத்திலொரு பங்கு அல்லது அதிற் சில மடங்கே நீடிப்பதாகும். எனவே சில பத்து எண்களே கெட்டுப்போயிருக்கும். மென்பொருள் அவற்றைத் தேடிப் பிடித்து, முன்னும் பின்னுமுள்ள எண்களின் போக்கைப் பார்த்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய எண்களைக் கணித்து எழுதிவிடுகின்றது. கிழிந்த சேலையை இழையோட்டித் தைப்பது போன்ற வேலை இது. கணினி வருமுன்னர் ஒலிப்பதிவாளர் இதனைக் கையாலேயே செய்தனர். இசைத்தட்டை நாடாவிற் பதிந்து, ‘டக்’ என்னும் இடத்தைக் காதாற் கண்டு, சவர அலகினால் மயிரிழையளவு வெட்டியெறிந்து ஒட்டினர். நிமிடத்திற்கு 78 தடவை சுழலும் தட்டிலே குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தால், ஒரு நிமிடத்திலே 78 வெட்டு வேண்டும். அத்தனை வெட்டுக்குப் பின் தாளம் தடுமாறாதிருந்தால் அது வியப்பே.

மின்சார ரீங்காரமும் ஓரளவுக்கு அடங்கக்கூடியதே. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் அது வினாடிக்கு 50 அதிர்வு, அமெரிக்காவில் 60. அதன் மடங்குகளாகிய 100, 150 என்பனவும் கூட வரும். அந்த மீடிறன்களை மாத்திரம் ஒடுக்கிவிடலாம். ஆனால் ஆண்மகனின் பேச்சுக் குரலின் அடிநாதமும் 100ஐ அண்டியே இருப்பதுண்டு. அகலமாக வெட்டினால், ரீங்காரத்தோடு குரலின் கனமும் போய், கம்பீரமாகப் பேசியவர் தகரப் பேணிக்குள் இருந்து பேசுபவராகிவிடுவார்.

உண்மையிலே சங்கடம் தருவது மூன்றாவதாகிய சீறல். தாழ்ந்த சுருதி தொடங்கி உயர்ந்த சுருதிவரை எல்லா மீடிறன்களிலும் அது பரவிக் கிடக்கின்றது. 1979ஆம் ஆண்டில், ஸ்டீவன் போல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பேச்சிலிருந்து இரைச்சலைக் கழிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். இன்று வழங்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படை எண்ணத்தை அதிலே காணலாம். பேச்சுத் தொடங்குமுன் யாரும் வாய்திறவாத ஒரு சிறு இடைவெளி இருக்குமல்லவா? அவ்விடத்தைக் கணினிக்குக் காட்டி, ‘இதுதான் இரைச்சல்’ என்று அறிமுகஞ் செய்துவைக்க வேண்டும். கணினி அதன் கைரேகையை எடுத்துக்கொள்ளும். பின்னர்ப் பதிவு முழுவதையும் சிறு சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொரு துண்டத்தையும் பல நூறு மீடிறன் பட்டிகளாகப் பிரித்து, எந்தப் பட்டியில் ஒலி கைரேகையின் அளவைத் தாண்டவில்லையோ அந்தப் பட்டியை அடக்கிவிடும்.

கேட்பதற்கு நேர்த்தியான ஏற்பாடு. குறை எங்கேயெனில், மனிதன் பேசும் மொழியிலேயே இரைச்சல் கலந்திருக்கின்றது. ‘சமுத்திரம்’ என்று சொல்லும்போது முதலெழுத்தில் எழும் உரசலும், ‘ஸ்’ என்ற சீறலும், நாதசுரக் கலைஞர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசையும், வயலின் வில் நரம்பைத் தொடும் கணத்திலே பிறக்கும் கரகரப்பும் கணினியின் கணக்கிலே நாடாவின் சீறலுக்கு உறவினரே. கருவியைச் சற்று அதிகமாகத் திருகினால் சீறல் போகும்; கூடவே மெய்யெழுத்துக்களின் கூர்மை மழுங்கும்; தம்புராவின் நுண்ணிய மேல்நாதம் அடங்கும். அதனிலும் விந்தையொன்றுண்டு. அடக்கப்பட்ட இரைச்சலின் சில திவலைகள் அங்குமிங்கும் தப்பிப் பிழைத்து, நீருக்கடியிற் சிறு மணிகள் கிணுகிணுப்பதுபோல ஒலிக்கும். பழைய சீறலைச் செவி சிறிது நேரத்தில் மறந்துவிடும். இந்தப் புதிய கிணுகிணுப்பை மறக்கவே இயலாது. ஒரு குற்றத்தை நீக்கப்போய், அப்பதிவிலே என்றுமே இல்லாத வேறொரு குற்றத்தைச் செய்துவிட்ட கதை.

இத்தொழிலிலே தேர்ந்தவர்கள் ஒரு சோதனையைக் கையாளுகின்றனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்னும் மென்பொருளிலேயே அதற்கு வசதியுண்டு. துலக்கிய ஒலியைக் கேட்பதற்குப் பதிலாக, கழித்தெறியப்படும் எச்சத்தை மாத்திரம் கேட்கலாம். எச்சத்தில் வெறுஞ் சீறல் கேட்டால் நன்று. சீறலுக்குள்ளே ஒருவர் மெல்லப் பேசுவதுபோலக் கேட்டால், குரல் குப்பையோடு போய்க்கொண்டிருக்கின்றது என்பது பொருள். அப்பொழுது கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். துலக்கிய பதிவை நூறு தடவை கேட்டும் அறியமுடியாததை எச்சத்தை ஒரு தடவை கேட்பது அறிவித்துவிடும்.

இனிப் பிராம்ஸிடம் திரும்பலாம். அவருடைய உருளையிலே இரைச்சல் இசையை விஞ்சி நிற்பதால், மேற்கூறிய கழித்தல்முறை அதிகம் உதவாது. 1990களில் ஜொனதன் பேர்கர் என்னும் இசையறிஞரும், ரொனல்ட் கொய்ப்மன் என்னும் கணித அறிஞரும், வேறு சிலரும் வழக்கத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தனர். இரைச்சல் எது என்று தேடாமல், பதிவிலே ஒழுங்கும் கோவையும் உடையது எது என்று தேடினர். சிற்றலைகள் எனப்படும் கணித வடிவங்களைக்கொண்டு அக்கோவையை மாத்திரம் பிரித்தெடுத்தனர். கச்சேரி மண்டபத்திற் கேட்பது போன்ற பியானோ அதனாற் கிடைத்துவிடவில்லை. எந்தச் சுரம் எந்தக் கணத்தில் விழுந்தது என்பதை ஆராயத்தக்க அளவுக்குத் தடம் தெரிந்தது. அச்சிட்ட இசைக்குறிப்பை இயற்றியவரே, வாசிக்கும்போது அதிலிருந்து விலகிச் சென்றமை அத்தடத்திலே புலனாயிற்று. தொடக்கத்திற் பேசுபவர் பிராம்ஸா, வாங்கெமானா என்ற வழக்கு மாத்திரம் தீர்ந்தபாடில்லை.

துலக்குபவர் செய்யும் ஒரு முடிவு ஆளையே மாற்றிவிடுவதும் உண்டு. பாரிஸ் நகரத்து எதுவார்-லெயோன் ஸ்கொட் என்பவர், எடிசனுக்கும் முன்னரே, புகைக்கரி பூசிய தாளில் ஒலியலையைக் கோடாகக் கீறும் கருவியை அமைத்தவர். திரும்ப ஒலிக்கச் செய்வது அவர் நோக்கமன்று. கண்ணாற் பார்ப்பதே நோக்கம். 1860ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பதிந்த ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் கோட்டை, 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கணினிமூலம் ஒலியாக்கினர். கையாற் சுழற்றிய கருவியாதலால் வேகம் ஏறியும் இறங்கியுமிருந்தது. பக்கத்திலே ஓர் இசைக்கவையின் அதிர்வும் கோடாகப் பதிந்திருந்தமையால், அதனை அளவுகோலாகக் கொண்டு வேகத்தைச் சீராக்கினர். ஒரு சிறு பெண்ணின் குரல் கேட்டது! பத்திரிகைகள் அதைப் பாராட்டின. அடுத்த ஆண்டிலே பிழை தெரியவந்தது. அக்காலப் பிரெஞ்சுக்காரர் இசைக்கவை போவதை ஓர் அதிர்வாகவும் வருவதை இன்னோர் அதிர்வாகவும் எண்ணினர். அவர்கள் 500 என்று எழுதினால் இன்றைய கணக்கில் 250. பதிவு இரட்டை வேகத்தில் ஓட்டப்பட்டிருந்தது. வேகத்தைப் பாதியாக்கியபோது சிறுமி மறைந்தாள். நிதானமாகப் பாடும் ஓர் ஆண்மகன் வந்தான். அவன் ஸ்கொட்டே என்று கருதப்படுகின்றது. மூலக்கோடு கைபடாமல் இருந்தபடியினாலேயே பிழையைத் திருத்தமுடிந்தது.

அண்மைக் காலத்தில் வேறொரு வகை மென்பொருள் வந்திருக்கின்றது. பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனன், 1970களின் பிற்பகுதியில், நியூயோர்க்கிலே தமது வீட்டுப் பியானோவில் வாசித்தபடி ஒரு பாடலைச் சாதாரணக் கசெற்றிற் பாடிவைத்தார். 1980இல் அவர் கொல்லப்பட்டார். 1995இல் ஏனைய மூவரும் அப்பாடலை நிறைவுசெய்ய முயன்று கைவிட்டனர். நாடாவின் ரீங்காரமும், பியானோ குரலை மூடியதும் அதற்குரிய காரணங்களிற் சில. ஆயிரமாயிரம் ஒலிகளைக் கேட்டுப் பழகிய கணினி, குரல் எப்படி இருக்கும், பியானோ எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டு இரண்டையும் வேறுபிரிக்க வல்லதாயிற்று. அவ்வாறு பிரித்தெடுத்த குரலுடன் 2023ஆம் ஆண்டு நவம்பரில் பாடல் வெளிவந்தது.

இது பெரிய வெற்றியே. ஆனால், கற்றுக்கொண்ட கணினி கேட்டதை மாத்திரமன்றி, எதிர்பார்ப்பதையும் எழுதக்கூடியது. மழுங்கிய ஓரெழுத்தைத் துலக்கச் சொன்னால், பேசியவர் சொல்லாத எழுத்தொன்றை அங்கே அழகாக வைத்துவிடவுங்கூடும். பாட்டுக்கு அது பாதகமில்லை என்போர் இருக்கலாம். ஒருவரின் வாக்குமூலத்துக்கோ, இறந்துபோன முதியவரின் நினைவுரைக்கோ அது பாதகமே. ஆகையால் ஒலிக் காப்பகங்கள் ஒரு விதியை வற்புறுத்துகின்றன. முதலில் இரைச்சல் உட்பட எல்லாவற்றையும் உள்ளபடியே பதிந்து பேணல் வேண்டும்; துலக்குவதெல்லாம் அதன் பிரதியிலேதான். மேலும், மென்பொருளைத் தொடுமுன்னர்ச் செய்யத்தக்கன பலவுண்டு. 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது. நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசி அதன் அடியிற் படிந்த அழுக்கிற் புரண்டு இரைச்சலையே அள்ளிவரும். ஏற்ற பருமனுள்ள ஊசியை இட்டால் பாதி இரைச்சல் பிறக்கவே மாட்டாது.

வீடுகளிலுள்ள கசெற்றுகளுக்கும் இது பொருந்தும். 1980களிலே கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றிற் பேசிக் கடல்கடந்து அனுப்பிய தாய்தந்தையர் பலர். அத்தகைய ஒன்று அலுமாரியிற் கிடக்குமாயின், முதலில் ஒலிக்கருவியின் தலையை மதுசாரத்தாற் துடைத்து, அதன் அருகிலுள்ள சிறு திருகைச் சற்றே திருப்பி, பேச்சு எவ்விடத்திற் கூர்மையாகக் கேட்கின்றதோ அவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும். பிறகு உள்ளபடி ஒரு பதிவு. அதன் பின்னரே மென்பொருள். குரலை மாத்திரம் பிரித்தெடுக்கும் புதிய மென்பொருளிடம் அதனைக் கொடுத்தால், தாயின் பேச்சு தெளிவாக வரும். பின்னாலே கேட்ட துலாவின் கிறீச்சொலியும், வேலியோரத்துக் காகமும், யாரோ அவரை அழைத்த குரலும் இருந்த இடம் தெரியாமற் போய்விடும். கணினிக்கு அவையும் இரைச்சலே. அந்தக் கிணற்றில் நீரள்ளி வளர்ந்த மகனுக்கு எது இரைச்சல் என்பதை அவனே கேட்டுச் சொல்லவேண்டும். அதற்காகவே இரண்டு பதிவுகளையும் வைத்திருந்து, உள்ளபடி பதிந்த முதலாவதின்மேல் பேசியவரின் பெயரையும் ஆண்டையும் எழுதி, கசெற்றையும் எறிந்துவிடாமல் ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தல் நன்று.