எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை: ஆணுக்கும் பெண்ணுக்கும்

குண்டலுபேட்டையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் மைசூரு. தெற்கே பந்திப்பூர்க் காட்டைக் கடந்தால் நீலகிரி. அவ்வூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் அண்ணனுக்கும் தங்கைக்கும் உடல் எடை மிகுந்து, இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை ஒன்றுதான். பலனும் ஒன்றாகவே இருக்குமா?

எடை குறைவதைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணன் கிலோக் கணக்கில் அதிகம் இழக்கலாம். தொடக்கத்தில் அதிகம் சுமந்தவர் அவர். வேறுபாடு பிற இடங்களில் இருக்கிறது.

உலகெங்கும் இச்சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்களே. ஆனால் பருமன் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்தில் எடை மிகுந்தோர் பெண்களில் 30.1 சதவீதம், ஆண்களில் 30.9 சதவீதம். ஆணின் தொந்தியை நம்மவர் செல்வத்தின் அடையாளம் என்பர். பெண்ணின் பருமனையோ கலியாணப் பந்தியிலேயே பேசிவிடுவர். ஆகவே ஆண் தாமதமாக வருகிறார்: வயது கூடி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் சேர்ந்த பின்னர். கொழுப்பு அவருக்கு வயிற்றறைக்குள் உறுப்புகளைச் சுற்றி மிகுதியாகப் படிவதால் அறுவையும் கடினமாகிறது. அறுவையை ஒட்டிய ஆபத்து ஆண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுவது இவற்றாலேயே.

பெண்ணுக்கு இடர் பின்னர் வருகிறது. உணவிலுள்ள இரும்புச் சத்து பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. மாற்றுவழி அறுவை செய்தால் உணவு அப்பகுதியைத் தொடாமலே சென்றுவிடும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடலுக்கு இது பெரிய நஷ்டம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இன்னொன்று மகப்பேறு. எடை குறையத் தொடங்கியதும் ஒழுங்கற்றிருந்த மாதவிலக்கு சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவிலேயே திரும்பலாம். ஆனால் 12 முதல் 18 மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை; எடை வேகமாகக் குறையும் அக்காலத்தில் தாய்க்கே சத்துப் போதாது. கருத்தடை மாத்திரை சரிவர உறிஞ்சப்படாமற் போகலாமாதலால் வேறு முறையைக் கேட்டறிய வேண்டும். மாமியாரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

பெண்ணுக்குத் தனி நன்மையும் உண்டு. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்ட பெண்களிடம் புற்றுநோய் குறைந்ததை 2009-இல் தெரிவித்தது. ஆண்களிடம் அக்குறைவு புலப்படவில்லை.

வெளிமாநிலத்தில் வாழ்வோர், உறவினர் இருக்கிறார்கள் என்று கோவையில் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பியதும் பரிசோதனையை விட்டுவிடுவது எளிது. சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் வேண்டியவை. அறுவையின் வகை, நாள், மாத்திரைகள் எல்லாம் எழுதிய மருத்துவமனைச் சீட்டின் நகலை உள்ளூர் மருத்துவரிடம் கொடுத்துவைத்தால், அண்ணனின் சர்க்கரை மாத்திரையை எப்போது குறைப்பது, தங்கையின் இரும்பு மாத்திரையை எப்போது கூட்டுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.